பெரிய சென்சாரா, பெரிய ஜூமா?

போன செமஸ்டர் கடைசியில் எங்கள் போட்டோகிராபி கிளப்பில் ஒரு சண்டை. கைகலப்பு எல்லாம் இல்லை. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ரெண்டு பேர் 'லெஃப்ட்' ஆகுற அளவுக்குத்தான். காரணம் 52 ஆயிரம் ரூபாய். சிம்போசியத்துக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்தது, ஃபேர்வெல் ஆல்பம் போட்டதில் மிஞ்சியது, வேலைக்குப் போன சீனியர்கள் அனுப்பியது என்று மூணு வருஷமாகச் சேர்ந்த காசு. கிளப்புக்குன்னு சொந்தமா ஒரு கேமரா வாங்கணும். வாங்கினா அடுத்த நாலஞ்சு வருஷத்துக்கு அதுதான். தப்பா வாங்கினா நாங்க டிகிரி வாங்கிட்டுப் போயிடுவோம், ஜூனியர் பசங்கதான் அதைக் கட்டிக்கிட்டு அழணும்.

ஒரு கட்சி பிரிட்ஜ் கேமரா கேட்டது. லென்ஸ் கழற்ற முடியாத, உடம்போடு ஒட்டிய ஒரே பெரிய ஜூம். 'எண்பது மடங்கு ஜூம் மச்சான், நிலாவுல இருக்கிற பள்ளம் தெரியும்.' இன்னொரு கட்சிக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர். 'சென்சார் சைஸைப் பாருடா, மத்ததெல்லாம் அப்புறம்.' நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஏன்னா ரெண்டு வகைக் கேமராவிலும் நான் நல்லா சொதப்பியிருக்கேன்.

முதல் சொதப்பல் செமினார் ஹாலில். எங்கள் டிபார்ட்மென்ட் லேப் அண்ணன் ரிட்டயர் ஆன நாள். வேலைக்குச் சேர்ந்து 31 வருஷம். இப்போ எங்களுக்குப் பாடம் எடுக்கிற சார்களில் சிலர் ஸ்டூடண்ட்டா இருந்தப்பவே அவர் லேப்பில் இருந்தவர். சால்வை போட்டார்கள், ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள், பேச முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் நான் கடன் வாங்கிய ஒரு பிரிட்ஜ் கேமராவோடு ஜூம் பண்ணி நின்றிருந்தேன். மேடையில் ரெண்டு ட்யூப் லைட். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்தில் கரைந்த வாட்டர் கலர் மாதிரி ஒன்று. ஷட்டர் 1/30, அப்பர்ச்சர் எஃப் 5, ஐ.எஸ்.ஓ 3200. 'நல்லதா ஒண்ணு ஃப்ரேம் போட்டுக் கொடுப்பா' என்று அவர் கேட்டிருந்தார். கொடுத்தேன். என்ன கொடுத்தேன் என்று எனக்குத் தெரியும்.

ரெண்டாவது சொதப்பல் வேடந்தாங்கலில். முதலில் பட்ட அடியில் பாடம் கற்றுக்கொண்டதாக நினைத்து, ஒரு சீனியரிடம் கெஞ்சி ஃபுல் ஃப்ரேம் கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் வாங்கிக்கொண்டு ஜனவரியில் போனேன். கரை மேல் நடந்தால் ஏரிக்குள் மரங்கள், மரம் முழுக்கப் பறவை. மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், நத்தை குத்தி. எல்லாம் சுமார் நூறு மீட்டர் தள்ளி. அன்னைக்கு நான் எடுத்தது அழகான மரங்கள். அதன் மேல் யாரோ சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் அப்பாவோட பிரிட்ஜ் கேமராவில் நாரையின் கண்ணை எடுத்துவிட்டு என்னிடமே காட்டினான்.

அதனால் கிளப்பில் சண்டை வந்தபோது, சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இன்ஜினியரிங் படிக்கிறோம், இதுக்காவது உதவட்டுமே.

முதலில் அந்த 'மடங்கு' என்ற வார்த்தை. 83 மடங்கு ஜூம் என்றால் 83 மடங்கு கிட்டத்தில் தெரியும் என்று நிறைய பேர் நினைக்கிறோம். அது வெறும் விகிதம். 2015-ல் வந்த நிக்கான் பி900 கேமராவில் ஜூம் 24 மி.மீ.யில் தொடங்கி 2000 மி.மீ.யில் முடிகிறது, 2000-ஐ 24-ஆல் வகுத்தால் 83. மூணு வருஷம் கழித்து வந்த பி1000-ல் 3000 வரைக்கும், அதனால் 125. இதிலும் ஒரு உள்குத்து உண்டு. அந்த 2000 நிஜமான ஃபோக்கல் லெங்த் (தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்குக் குவியத் தூரம்) இல்லை. லென்ஸின் மூக்கிலேயே நிஜ எண் எழுதியிருக்கும்: 4.3 முதல் 357 மி.மீ. 'ஃபுல் ஃப்ரேம் கேமராவில் இதே காட்சி கிடைக்க எத்தனை மி.மீ. லென்ஸ் வேணும்' என்பதற்கான விடைதான் 2000.

357 எப்படி 2000 ஆகிறது? சென்சார் சின்னதா இருப்பதால். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ.; பழைய ஃபிலிம் ஃப்ரேம் அளவு. பி900 வகைக் கேமராக்களில் இருப்பது 1/2.3 இன்ச் சென்சார், சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ. சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. (இந்த 'இன்ச்' கணக்கை நம்பி ஸ்கேல் எடுத்து அளக்காதீங்க. பழைய வீடியோ கேமராக்களின் கண்ணாடிக் குழாய் விட்டத்திலிருந்து வந்த பழக்கம் அது. '1 இன்ச்' சென்சாரின் மூலைவிட்டம் 16 மி.மீ.தான்; ஒரு இன்ச் என்றால் 25.4.) லென்ஸ் உள்ளே விழ வைக்கும் பிம்பத்தில் சின்ன சென்சார் நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. அதனால் 5.6 மடங்கு ஜூம் ஓசியில் கிடைக்கிறது.

ஓசி என்று சொன்னேன், இல்லை. சென்சார் பரப்பு ஃபுல் ஃப்ரேமில் 864 சதுர மி.மீ., இதில் 28. முப்பது மடங்கு வித்தியாசம். அதே எஃப் எண், அதே ஷட்டர் என்றால் பெரிய சென்சார் முப்பது மடங்கு வெளிச்சம் சேர்க்கிறது. மொட்டை மாடியில் மழைக்கு அண்டாவையும் டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த கதை. போட்டான்கள் மழைத்துளி மாதிரியே தாறுமாறாகத்தான் வந்து விழும். N போட்டான் எதிர்பார்க்கிற இடத்தில் N-இன் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். ப்ராபபிலிட்டி பேப்பரில் வந்த பாய்சான் இதுதான். படத்தில் நாம் 'நாய்ஸ்' என்று திட்டுவது பெரும்பாலும் கேமராவின் தப்பு இல்லை, வெளிச்சத்தின் குணம். வெளிச்சம் நிறைய சேர்த்தால் அடங்கும், சேர்க்காவிட்டால் ஆடும்.

இதுவரைக்கும் சொன்னதை யூட்யூபில் எல்லாரும் சொல்வார்கள். இங்கேயே நிறுத்தியிருந்தால் சென்சார் கட்சி ஜெயித்திருக்கும். ஆனா எனக்கு அந்தப் பள்ளிக்கூடப் பையனோட நாரை கண்ணுக்குள்ளேயே நின்றது. முப்பது மடங்கு பின்தங்கிய கேமரா எப்படி அவ்வளவு நல்ல படம் எடுத்தது?

எஃப் எண் என்பது என்ன? ஃபோக்கல் லெங்தை அப்பர்ச்சரின் விட்டத்தால் வகுத்தது. திருப்பிப் போட்டால், ஃபோக்கல் லெங்தை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழைகிற துளையின் விட்டம் வரும். ஒரு நாரையிலிருந்து உங்கள் கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் வரும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் துளைதான், சென்சார் இல்லை.

பி900 முழு ஜூமில் 357 மி.மீ., எஃப் 6.5. துளை 55 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் வாங்குகிற ஸ்டூடண்ட் அதிகபட்சம் வாங்கக்கூடியது ஒரு 70-300 லென்ஸ். 300 மி.மீ.யில் எஃப் 5.6. துளை 54 மி.மீ.

பாத்தீங்களா? ரெண்டும் ஒண்ணு. நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிற நாரையிலிருந்து ரெண்டு கேமராவுக்கும் ஒரே அளவு வெளிச்சம்தான் போகிறது. பெரிய சென்சாரின் மிச்ச இடம் முழுக்க மரத்தையும் ஏரியையும் வானத்தையும் சேகரித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு வேண்டியது நாரை மட்டும்.

ஒரு மீட்டர் உயர நாரையை நூறு மீட்டரிலிருந்து எடுத்தால் படத்தில் எத்தனை பிக்சல் உயரம் வரும்? 20 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம், உதாரணத்துக்கு கேனன் 6டி, 50 மி.மீ. லென்ஸ்: சென்சாரில் அரை மி.மீ. பிம்பம், 76 பிக்சல். என்னோட சுண்ணாம்புப் புள்ளி. அதே கேமராவில் 300 மி.மீ.: சுமார் 460 பிக்சல். பி900 முழு ஜூமில்: 2660 பிக்சல். ஆனால் அந்த 2660-ஐ அப்படியே நம்பக் கூடாது. எஃப் 6.5-இல் டிஃப்ராக்‌ஷன் காரணமாக ஒரு ஒளிப்புள்ளி சுமார் 8.7 மைக்ரான் வட்டமாகப் பரவும். அந்தச் சென்சாரின் ஒரு பிக்சல் வெறும் 1.3 மைக்ரான். அதாவது ஒரு புள்ளி ஆறேழு பிக்சல் அகலத்துக்குப் படர்கிறது. நிஜமான விவரம் 2660-இல் பாதிகூடத் தேறாது. ஆனாலும் 460-ஐவிட மேல்தான். பையன் ஜெயித்ததில் மாயம் எதுவும் இல்லை. அவன் கையில் இருந்தது ஒரு சின்ன டெலஸ்கோப்.

ஃபுல் ஃப்ரேமில் நிஜமாகவே அந்த எட்டு எட்டணும் என்றால் வழி இருக்கிறதா? இருக்கிறது. கேனன் ஒரு காலத்தில் 1200 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் செய்தது. எடை 16.5 கிலோ. வீட்டு சிலிண்டருக்குள் இருக்கிற காஸே 14.2 கிலோதான். மனுஷங்க வாங்குகிற மாதிரி என்றால் 150-600 லென்ஸ்கள் இருக்கின்றன. 600-இல் எஃப் 6.3, துளை 95 மி.மீ. இது பி900-ஐவிட மூணு மடங்கு வெளிச்சம் வாங்கும், சந்தேகமே இல்லாமல் நல்ல படம் தரும். எடை கிட்டத்தட்ட ரெண்டு கிலோ, அது லென்ஸ் மட்டும். விலை எங்கள் 52 ஆயிரத்தை ஒரே வாயில் முழுங்கிவிட்டு, கேமரா எங்கேன்னு கேட்கும்.

சரி, இப்போ ஹாலுக்கு வருவோம். இங்கே கணக்கு அப்படியே தலைகீழ்.

முன் வரிசைக்குப் போய், 50 மி.மீ. லென்ஸில் வருகிற அதே காட்சியை ரெண்டிலும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. எஃப் 1.8: துளை 28 மி.மீ. இந்த லென்ஸ் கேனன், நிக்கான் ரெண்டிலும் இருப்பதிலேயே மலிவான வகையைச் சேர்ந்தது. பிரிட்ஜ் கேமராவில் அதே காட்சிக்கு நிஜ ஃபோக்கல் லெங்த் 9 மி.மீ. தாராளமாக எஃப் 2.8 என்றே வைத்துக்கொண்டாலும் துளை 3.2 மி.மீ. பரப்புக் கணக்கில் 76 மடங்கு வித்தியாசம். ஒரு மலிவு லென்ஸ் இதைச் செய்கிறது.

சின்ன சென்சாருக்கும் அவ்வளவு பெரிய துளை போட்டுத் தரலாமே என்று எங்கள் ஜூனியர் ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்வி. 50 மி.மீ. எஃப் 1.8-க்கு ஈடாக அதில் எஃப் 0.32 லென்ஸ் வேண்டும். காற்றில் எஃப் 0.5-க்குக் கீழே போக இயற்பியலே விடாது. தூரத்தில் ஃபோக்கல் லெங்த் நீளமாக இருப்பதால் சின்ன எஃப் எண் இல்லாமலே பெரிய துளை கிடைத்துவிடுகிறது. கிட்டத்தில் அது நடக்காது.

அண்ணனோட படம் ஏன் கரைந்தது என்பதும் இதில் அடக்கம். வெளிச்சம் போதாமல் ஐ.எஸ்.ஓ 3200-க்கு ஏறியது, அந்த நாய்ஸை மறைக்க கேமராவே படத்தைத் தேய்த்தது, தேய்த்ததில் புருவமும் சுருக்கமும் போயின. 1/30 ஷட்டரில் கண் துடைக்கிற கை ஆடியது தனி. ஸ்டெபிலைசேஷன் இருந்ததே என்று கேட்காதீங்க. அது என் கை ஆட்டத்தைத்தான் பிடிக்கும், எதிரே இருப்பவர் கையை இல்லை.

வெயிலிலும் இந்தப் பிரச்சினை கொஞ்சம் உண்டு. பளிச்சென்ற வெயிலில் எஃப் 6.5, ஐ.எஸ்.ஓ 100 என்றால் 1/600 ஷட்டர் கிடைக்கும், உட்கார்ந்த பறவைக்குத் தாராளம். ஆனால் பறவைகள் பரபரப்பாக இருக்கிற விடியற்காலையில் வெளிச்சம் அதில் பத்தில் ஒன்றுகூட இருக்காது. மத்தியானம் வரை காத்திருக்கலாமா என்றால், ஏரி மேல் சூடான காற்று அலைய ஆரம்பித்துவிடும். முழு ஜூமில் எல்லாமே தோசைக்கல் மேல் பார்க்கிற மாதிரி நெளியும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை என்பது என் அனுபவம். பறக்கிற பறவை என்றால் இன்னொரு தொல்லை: டி.எஸ்.எல்.ஆரில் ஃபோக்கஸுக்கென்றே தனி ஃபேஸ் டிடெக்‌ஷன் சென்சார் இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு நகரணும் என்று ஒரே தடவையில் தெரிந்துவிடும். பெரும்பாலான பிரிட்ஜ் கேமராக்கள் முன்னும் பின்னும் போய்த் தேடும். அது தேடி முடிப்பதற்குள் நாரை கூட்டுக்குப் போய் குஞ்சுக்குச் சாப்பாடே கொடுத்திருக்கும்.

நடுவில் ஒரு ரகம் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் தப்பு. சோனி ஆர்.எக்ஸ்.10 மார்க் 4-இல் 1 இன்ச் சென்சார், 24-600, முழு ஜூமில் எஃப் 4. நிஜ ஃபோக்கல் லெங்த் 220. துளை திரும்பவும் 55 மி.மீ.! ஃபேஸ் டிடெக்‌ஷனும் உண்டு. காசு இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவது இதைத்தான். எங்களுக்கு எட்டாது. தனியாக, சொந்தக் காசில், எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கிற ஆளாக இருந்தால் ஃபுல் ஃப்ரேமும் வேண்டாம், பிரிட்ஜும் வேண்டாம், பழைய ஏ.பி.எஸ்-சி டி.எஸ்.எல்.ஆர், ஒரு 55-250, ஒரு 50 எஃப் 1.8 போதும் என்பது என் கருத்து. இதை கிளப் மீட்டிங்கில் சொன்னேன், ரெண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து என்னைத் திட்டின.

பாக்கெட்டில் இருக்கிற போனையும் கணக்கில் எடுங்க. இப்போ வருகிற பல போன்களின் மெயின் சென்சார் 1/2.3 இன்ச்சைவிடப் பெரிது. பத்துப் படத்தைச் சேர்த்து ஒரு படமாக்கும் வித்தையும் அதற்குத் தெரியும். பிரிட்ஜ் கேமராவின் அகலக் கோணம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வாங்குவதாக இருந்தால் ஜூமுக்காக மட்டும் வாங்குங்க.

சண்டையைத் தீர்த்தது என் துளைக் கணக்கு இல்லை. எங்களுடைய பழைய ஹார்ட் டிஸ்க். மூணு வருஷப் படங்களின் எக்ஸிஃப் விவரத்தை ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் போட்டு உருவினோம். எந்த நேரம், எந்த ஐ.எஸ்.ஓ, எவ்வளவு ஜூம் என்று எல்லாம் அதிலேயே பதிந்திருக்கும். முக்கால்வாசிக்கு மேல் ஹாலுக்குள்ளே அல்லது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், ஐ.எஸ்.ஓ 1600-க்கு மேல். பறவை எடுத்தது மொத்தம் ரெண்டு ட்ரிப். கனவில் நாங்கள் எல்லாரும் காட்டில் இருந்தோம். டிஸ்க்கில் செமினார் ஹாலில் இருந்தோம். கேமரா வாங்க நினைக்கிறவர்கள் ரிவ்யூ பார்ப்பதற்கு முன்னால் போன் கேலரியில் இதைச் செய்து பாருங்க. உங்க டிஸ்க்கில் பறவைதான் இருக்கு, வெயிலில்தான் அலையிறீங்க என்றால் பிரிட்ஜ் கேமரா வாங்க யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை.

நாங்கள் வாங்கியது 2012-இல் வந்த மாடலான கேனன் 6டி, செகண்ட் ஹேண்ட், கூட ஒரு 50 மி.மீ. எஃப் 1.8. ஃபோக்கஸ் பாயிண்ட் பதினொன்றுதான், அதில் நடுவில் இருப்பது மட்டும்தான் உருப்படி. ஆனால் அந்த ஒன்று நிலா வெளிச்சத்திலும் பிடிக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனால் ஷட்டர் கவுன்ட் கேளுங்க. இந்த மாடலின் ஷட்டர் ஒரு லட்சம் தடவைக்கு என்று சொல்லி விற்றது. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்க; நம்ம ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படரும். முதல் கடையில் காட்டிய லென்ஸில் அது இருந்தது, 'தூசுதான் தம்பி' என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

போன மாசம் லேப் அண்ணன் ஏதோ பேப்பரில் கையெழுத்து வாங்க காலேஜுக்கு வந்தார். அதே செமினார் ஹாலுக்குக் கூட்டிப்போய் அதே ட்யூப் லைட்டுக்குக் கீழே நிற்க வைத்தேன். எஃப் 2, 1/125, ஐ.எஸ்.ஓ 2000. கேமரா ஸ்கிரீனில் பெரிது பண்ணிக் காட்டினேன். 'சால்வை இல்லையே தம்பி' என்றார். சட்டைதான் போட்டிருந்தார், சாதாரண நீலச் சட்டை. அந்தப் பழைய ஃப்ரேம் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறதாம், கழற்ற மாட்டேன் என்கிறார். புதுசைப் பக்கத்தில் மாட்டிக்கிறேன் என்று பிரிண்ட்டை வாங்கிக்கொண்டு போனார்.

கேமரா இப்போது கிளப் அலமாரியில், ரப்பர் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடணும், பேட்டரியை சார்ஜ் பண்ணித் திருப்பித் தரணும். பிரிட்ஜ் கட்சியிலிருந்து லெஃப்ட் ஆன ரெண்டு பேரில் ஒருத்தன் சொந்தக் காசில் பழைய பி900 ஒன்று வாங்கிவிட்டான். வர ஜனவரியில் வேடந்தாங்கல் ட்ரிப்புக்கு அவனைத்தான் எல்லாரும் காக்காய் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.